காலையில் சுத்தமான வெட்டு, வெயில் ஏறினால் பிசிறு: பாம்பன் அண்ணனுக்குப் பதில்

அண்ணே, 3 கிலோவாட் ஃபைபர் லேசரில் படகுக்கான ஸ்டெயின்லெஸ் தகடு காலையில் நன்றாக வெட்டுகிறது, ஒரு மணி நேரம் ஓடியதும் அடியில் பிசிறு தங்குகிறது, கற்றைத் தரத்தைக் (ஒளிக்கற்றையை எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிக்கலாம் என்பதைக்) கூட்ட புது லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். கற்றைத் தரம் ஒளியை உண்டாக்கும் லேசர் சோர்ஸிலும், அதைக் கொண்டுவரும் கண்ணாடி இழையின் நடுப்பகுதியான ஃபைபர் கோரின் விட்டத்திலுமே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் எந்த லென்ஸும் அதைக் கூட்டாது, கெடுக்கத்தான் முடியும்.

என் சந்தேகம் லென்ஸுக்குக் கீழே அதைக் காக்க இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மேல்தான். நம் கடற்காற்றின் உப்போ கம்ப்ரசர் எண்ணெயோ படிந்தால் அந்த இடம் ஒளியை உறிஞ்சிச் சூடாகும். சூட்டில் ஒளிவிலகல் எண் மாறி, தட்டைக் கண்ணாடியே ஒரு லென்ஸாகிவிடும். குவியம் மேலே நகரும், புள்ளியும் சிதையும். பிசிறு வந்ததும் கால் மணி நேரம் நிறுத்தி ஆறவிடுங்கள். மறுபடி முதல் வெட்டு சுத்தமாக வந்தால் இதேதான். தொண்டியில் நான் மெஷின் ஓட்டியபோது இதே கோளாறில் பத்து நாள் அலைந்திருக்கிறேன்.

லேசரைத் தண்ணீரால் குளிர்விக்கும் சில்லர் (chiller) இயந்திரத்தையும் பாருங்கள். 32 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 28 டிகிரி. தண்ணீரை 25-இல் வைத்தால் உள்ளே வியர்க்கும், சோர்ஸே போய்விடும். சோர்ஸை ஏசி அறைக்குள் வையுங்கள், ஏசி அரை மணி நேரம் ஓடிய பிறகு சில்லரைப் போடுங்கள்.

கண்ணாடியைக் காற்று வீசாத இடத்தில் மட்டும் கழற்றுங்கள். கையுறை போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரே திசையில் துடையுங்கள். கரும்புள்ளி இருந்தால் துடைக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். கம்ப்ரசருக்கு, காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் இருக்கிறதா? அதை நீங்கள் சொல்லவில்லை.