ஆதாயத்தின் மறுபக்கத்தில் நிற்பவர்: லெந்து காலக் கேள்வி பதில்

லெந்து காலத்தில், அதாவது உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய தவக்காலத்தில், யாழ்ப்பாணத்தில் எங்கள் ஆலய வாசலில் வைத்த பெட்டிக்குள் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறேன். நான் குருவானவர் அல்லன்; கணக்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற, இடைக்கிடை பிரசங்கமும் செய்கிற ஒரு சபையார்.

கேள்வி: ஐயா, நான் சந்தையில் மரக்கறி மொத்தமாக வாங்கி விற்கிறேன். தோட்டக்காரர் 100 கிலோ கொண்டுவந்தால், 10 கிலோவைக் கழிவென்று கழித்து 90 கிலோவுக்கே காசு கொடுப்பது வழக்கம். நான் மட்டும் இதை விட்டால் எப்படித் தாக்குப்பிடிப்பது?

தம்பி, கழிவு என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வெங்காயத்தில் ஒட்டிய மண்ணும் கோவாவின் வெளியிலையும் சாக்கும் நிறையில் சேரத்தான் செய்யும். ஆனால் கத்தரிக்காய்க்கும் பத்து, பூசணிக்காய்க்கும் பத்து என்று எல்லாவற்றுக்கும் ஒரே கணக்காகக் கழித்தால், அந்தப் பத்துக்குள் மண் எவ்வளவு, தோட்டக்காரரின் உழைப்பு எவ்வளவு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒரு வாரத்துக்கு, உண்மையாகவே எறிந்த நிறையை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிப் பாருங்கள். உபாகமம் 25 ஆம் அதிகாரம், பையிலே பெரிதும் சிறிதுமான இரண்டு நிறைகற்களை வைத்திருக்க வேண்டாம் என்கிறது. வாங்குவதற்கு ஒரு கல், விற்பதற்கு ஒரு கல். 90 என்று காசு கொடுத்த அதே மூட்டையைக் கடைக்காரருக்கு 100 என்று நிறுத்துக் கொடுத்தால், தராசு மின்தராசாக மாறியிருந்தாலும் பைக்குள் இருப்பவை இரண்டு கற்கள்தான்.

உங்களுக்கு லாபம் வேண்டும், அதில் பிழையில்லை. அதை விலையில் வையுங்கள். "கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத்தான் எடுக்க முடியும்" என்று தோட்டக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் சம்மதிக்கலாம், அல்லது மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்தவரிடம் போகலாம். கழிவுக்குள் மறைத்துவைத்த லாபத்தை மறுக்க அவருக்கு வழியே இல்லை. இப்படிச் செய்தால் தோட்டக்காரர்கள் எல்லாரும் உங்களைத் தேடி வருவார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதல் சில மாதங்கள் உங்களுக்கு இறுக்கமாகவே இருக்கும்.

கேள்வி: வெளிநாடு போவதற்கு ஏஜென்சிக்காரர் ஒரு கதை எழுதித் தந்து, அதை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். கதையில் உள்ளது எனக்கு நடக்கவில்லை, ஆனால் பக்கத்து ஊரில் ஒருவருக்கு நடந்தது. வீட்டில் காணியை ஈடு வைத்துவிட்டார்கள். என்ன செய்வது?

பிள்ளை, உயிருக்குப் பயந்து அடைக்கலம் தேடுகிறவனை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். குழந்தை இயேசுவையே தூக்கிக்கொண்டு யோசேப்பு எகிப்துக்கு ஓடவில்லையா? உங்களுக்கு உண்மையான பயம் இருந்தால், உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தாளில் இருப்பது இன்னொருவரின் காயம். அவரோ அவரைப் போன்ற வேறொருவரோ நாளை அதே மேசையின் முன் அமர்ந்து, தன் உடலில் பட்டதைச் சொல்லும்போது, இதே கதையை முன்பும் கேட்டிருக்கிறோமே என்று அதிகாரி சந்தேகித்தால், அந்தச் சந்தேகத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஆதியாகமம் 12 இல் ஆபிரகாம் பயத்தினால் சாராளைத் தன் சகோதரி என்று சொல்லவைத்து, ஆடுகளையும் மாடுகளையும் ஒட்டகங்களையும் பெற்றான். வாதை வந்தது பார்வோன் வீட்டுக்கு. பொய்யின் ஆதாயம் ஒருவர் கைக்கும் அதன் அடி வேறொருவர் தலைக்கும் போவதை வேதாகமம் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. ஈடு வைத்த காணியைப் பற்றி வீட்டாருடன் இன்றைக்கே பேசுங்கள். காசு முழுவதும் கைமாறுவதற்கு முன் பேசுவதே இலகு.

கேள்வி: "முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள், அப்பொழுது இவைகளெல்லாம் உங்களுக்குக் கூடக் கொடுக்கப்படும்" என்கிறது மத்தேயு 6:33. நான் பிழையான பற்றுச்சீட்டு ஒன்றில் கையெழுத்திட மறுத்து வேலையை இழந்தேன். ஒன்றரை வருடமாகிறது. ஒன்றும் கூடக் கொடுக்கப்படவில்லை.

இந்தக் கேள்வியை நான் பலமுறை வாசித்தேன். உங்களுக்குப் பதில் சொல்வதற்கு முன், என் கதையையும் சொல்ல வேண்டும். நான் கற்பித்த ஒரு பாடசாலையில் கட்டட வேலை ஒன்றின் கொள்வனவுக் குழுவில் இருந்தேன். போடாத ஒரு தளத்துக்குச் சீமெந்துக் கணக்கு வந்தது. கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் மெல்லிய புள்ளடி ஒன்று போட்டுத் தந்திருந்தார்கள். அந்தப் புள்ளடி இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. நான் கையெழுத்திடவில்லை. அடுத்த தவணையில் தூரத்துக்கு இடமாற்றம் வந்தது. ஆறு வருடம் விடியப்புறமே பஸ் ஏறினேன். அதற்கு ஈடாக எதுவும் எனக்குத் திரும்பி வரவில்லை. அந்தத் தளம் மட்டும் பிறகு உண்மையாகவே போடப்பட்டது. பிள்ளைகள் அதில் இருந்து படிக்கிறார்கள்.

இப்போது வசனத்துக்கு வருவோம். "இவைகளெல்லாம்" எவை என்பதை இரண்டு வசனங்களுக்கு முன்பே ஆண்டவர் சொல்லிவிட்டார்: என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம், என்னத்தை உடுப்போம். உணவும் உடையும்தான். போன பதவியோ, போன சம்பளமோ, ஊராரின் மரியாதையோ அந்தப் பட்டியலில் இல்லை. நீதியைச் செய்தால் அதைவிடப் பெரிய ஆதாயம் வரும் என்று மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. அப்படியானால் நீதி ஒரு முதலீடாகிவிடுகிறதே. தானியேல் 3 இல், அரசன் நிறுத்திய சிலையை வணங்க மறுத்து எரிகிற சூளையின் முன்நின்ற மூன்று வாலிபரும், தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். விடுவிக்காமற்போனாலும் வணங்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர்கள் சொன்னபோது, சூளைக்குள் தங்களோடு நான்காமவர் ஒருவர் நிற்பார், தாங்கள் தப்புவோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றையும் சபைக்குச் சொல்ல வேண்டும். உணவும் உடையும் கொடுக்கப்படும் என்ற வாக்கு, பெரும்பாலும் மனிதரின் கைகள் வழியாகவே நிறைவேறுகிறது. இந்தச் சகோதரர் ஒன்றரை வருடமாக வேலையின்றி இருக்க, பக்கத்து வாங்கில் இருந்து பாட்டுப் பாடிய எங்களுக்கு அது தெரியாமற்போயிற்று. கேள்வி எழுதியவர் எங்கள் குருவானவரிடம் மட்டுமாவது தன்னைத் தெரியப்படுத்தும்படி அன்போடு கேட்கிறேன்.

கேள்வி: எங்கள் முன்னோர் உத்தியோகத்துக்காகத்தானே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார்கள் என்று கூடப் படிப்பவர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின், அரச உத்தியோகத்துக்கு அவர்களுடைய சபையின் ஞானஸ்நானம் வேண்டியிருந்தது. பலர் அதற்காகவே பெயர் பதிந்தார்கள். 1795 இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் நீங்கியதும், ஏட்டில் இருந்தவர்களில் பெரும்பகுதியினர் கலைந்துபோனார்கள். ஆனால் அதே ஒல்லாந்தர் காலத்தில், தடைசெய்யப்பட்ட கத்தோலிக்க விசுவாசத்தை இரகசியமாகக் காத்த குடும்பங்களும் இங்கே இருந்தன. கத்தோலிக்கக் குருவான புனித யோசப் வாஸ் அடிகளார் 1687 இல் ஏழைப் பரதேசியின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, சில்லாலையில் தங்கி அவர்களுக்கு ஊழியம் செய்தார். அவர்களுக்குக் கிடைக்கக்கூடியதாக இருந்தது தண்டனை ஒன்றுதான்.

பின்னாளிலும் இந்த இழுபறி ஓயவில்லை. 1823 இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்வி நிலையத்தை அமெரிக்க மிஷன் 1855 இல் மூடியதற்கு ஒரு காரணம், அங்கே ஆங்கிலம் படித்தவர்கள் அரச வேலைகளையே நாடுகிறார்கள் என்ற மனக்குறை. மூடியது சரி என்று நான் நினைக்கவில்லை. கல்வி தேடி வந்த ஏழைப் பிள்ளை என்ன குற்றம் செய்தது? எனக்குப் பிடித்தது அதே மிஷனின் மருத்துவர் சாமுவேல் கிறீன் நடந்த வழி. 1847 இல் வந்து மானிப்பாயில் பணிசெய்த அவர், தாமே தமிழ் கற்று, மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். தமிழில் கற்ற வைத்தியர் சம்பளம் தேடிப் போகாமல் தம் மக்களிடையே தங்குவார் என்று எண்ணினார்.

கேள்வி: மகனுக்குப் பெண் பார்க்கிறோம். சீதனம் வேண்டாம் என்கிறான். டொனேஷனாவது வாங்கினால்தான் மகளைக் கரைசேர்க்கலாம்.

அம்மா, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி சீதனம் பெண்ணுக்கே உரிய சொத்து. டொனேஷன் என்று நீங்கள் கேட்பது அந்தப் பெண்ணுக்கு அல்ல, உங்களுக்கு. உங்கள் மகளுக்காக நீங்கள் படும் அதே கவலையை அந்த வீட்டுத் தாயின் மடியில் இறக்கிவைக்கிறீர்கள். மகன் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் பணக்காரராக இருப்பதே பாவமா?

இல்லை. ஆண்டவரை அடக்கம் பண்ணிய அரிமத்தியா யோசேப்பு ஐசுவரியவான்தான்.

கேள்வி: 1995 போர்க்கால இடப்பெயர்வில் போன பக்கத்துக் காணிக்காரர் திரும்பி வராமல் வெளிநாட்டில் இருக்கிறார். அப்பா ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும் கதியாலை (வேலித் தடியை) கொஞ்சம் தள்ளி நட்டு, ஏறக்குறைய ஆறு குழி நிலம் எங்கள் பக்கம் வந்துவிட்டது. அப்பா இறந்துவிட்டார். பத்து வருடம் ஆண்டால் சட்டப்படி எங்களுடையதே என்கிறார்கள்.

பத்து வருட ஆட்சியினால் உரிமை கோரலாம் என்பது சட்டத்தில் இருக்கிறது. போரினால் தங்கள் காணிக்கு வர முடியாதவர்களைப் பாதுகாக்க 2016 இல் ஒரு விசேட சட்டமும் வந்தது. உங்கள் காணிக்கு எது பொருந்தும் என்பதைச் சட்டத்தரணி சொல்வார். எனக்கு அது இரண்டாவது விடயம். பிறனுடைய எல்லைக் குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 27 சொல்லும்போது, பத்து வருடம் கழிந்தால் சரி என்று சேர்க்கவில்லை.

அப்பாவின் பெயர் கெடுமே என்று தயங்குகிறீர்கள் என்பது உங்கள் எழுத்தில் தெரிகிறது. வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று எல்லார் முன்னும் எழுந்து நின்று சொன்னான். நீங்கள் ஊரைக் கூட்டத் தேவையில்லை. பழைய உறுதியை எடுத்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லையை அளந்து, காணிக்காரருக்குக் கடிதம் எழுதுங்கள். "வேலி பிழையான இடத்தில் நிற்கிறது, திருத்துகிறோம்" என்பது போதும். அது முழு உண்மை. இவ்வளவு காலமும் அந்த ஆறு குழியில் நின்ற தென்னையின் தேங்காயை நீங்கள் எடுத்திருந்தால், அதையும் ஒரு வரியில் எழுதுங்கள். அவர் பரவாயில்லை என்று எழுதினாலும் வேலியை நகர்த்துங்கள். கிளுவைக் கதியாலை வெயிலில் பிடுங்கி நட்டால் பட்டுப்போகும். இப்போது அளந்து கட்டையடித்து வைத்துவிட்டு, ஐப்பசி மழை தொடங்கியதும் நடுங்கள்.