வேகப்பந்தும் மட்டையின் நேரமும்: கேள்வி பதில்

கேள்வி: மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தைப் பார்த்து, முடிவெடுத்து, அடிப்பதற்கு மூளைக்கு நேரம் எப்படிப் போதுகிறது?

பதில்: உண்மையில் போதுவதில்லை. பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை நொடிதான் ஆகிறது. 1987இல் பீட்டர் மெக்லியோட் வெளியிட்ட ஆய்வில், தரையில் பட்டபின் எதிர்பாராத பக்கம் விலகிய பந்துக்கேற்ப மட்டையைத் திருத்த, சர்வதேச ஆட்டக்காரர்களுக்கே சுமார் 200 மில்லிநொடி தேவைப்பட்டது. குட் லெங்த்தில், அதாவது மட்டையாளருக்குச் சற்று முன்னே, குத்தும் வேகப்பந்து அதற்குள் கடந்துவிடும். ஆகவே பந்துவீச்சாளரின் கையசைவையும் பந்தின் தொடக்கப் பாதையையும் வைத்து, அது எங்கே, எப்போது வந்து சேரும் என்று மூளை முன்கூட்டியே கணித்துவிடுகிறது.

கேள்வி: “பந்திலிருந்து கண்ணை எடுக்காதே” என்று என் மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன். அது சரிதானா, ஐயா?

பதில்: கவனம் சிதறாதிருக்க அது உதவும், ஆனால் கண் அப்படி இயங்குவதில்லை. மைக்கேல் லேண்டும் மெக்லியோடும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, மட்டையாளரின் பார்வை பந்து வெளிப்படும் கணத்தில் அதன்மீது நின்று, பிறகு அது குத்தப்போகும் இடத்துக்கு முன்னதாகவே தாவி, அங்கே காத்திருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரரிடம் இந்தத் தாவல் இன்னும் சீக்கிரமாக நிகழ்ந்தது.

கேள்வி: ஸ்லோ பாலில் பெரிய ஆட்டக்காரர்களும் ஏமாறுவது ஏன்?

பதில்: கை அதே வேகத்தில் சுழல்வதால், முந்தைய பந்துகளில் பழகிய நேரக்கணக்கையே மூளை எடுத்துக்கொள்கிறது. மட்டை முந்திவிட, பந்து அதன் கீழ்ப்பகுதியில் பட்டு மிட் ஆஃபில் கேட்சாகிறது. இங்கேதான் சிறுமூளையின் பணி வியக்கத்தக்கது. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாடு, மூளைத்தண்டிலிருந்து ஏறும் நரம்பிழைகளின் வழியாகச் சிறுமூளையின் முக்கிய நரம்பணுக்களான பர்கிஞ்சி செல்களை எட்டுகிறது. பிழைக்குக் காரணமான இணைப்புகளின் வலிமை அதனால் மாறி, அடுத்தடுத்த முயற்சிகளில் அசைவின் நேரம் சிறிது சிறிதாகத் திருந்துகிறது. சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்தத் திருத்தம் கைகூடுவது மிகக் கடினம்.

கேள்வி: மட்டையின் வீச்சு தொடங்கிய பிறகு அதை மாற்றவே முடியாதா?

பதில்: ஓரளவு முடியும். 1990இல் பூட்ஸ்மாவும் வான் வீரிங்கனும் முன்னணி டேபிள் டென்னிஸ் வீரர்களின் ஃபோர்ஹேண்ட் அடியை அளந்தபோது, வீச்சு தொடங்கும் நேரத்தில் இருந்த வேறுபாடு, மட்டை பந்தைத் தொடும் கணத்தில் சில மில்லிநொடிகளாகச் சுருங்கியிருந்தது. ஒரே வீச்சை அச்சுப் பிசகாமல் மனப்பாடம் செய்வதே திறமை என்ற எண்ணத்தை இந்த ஒரு முடிவே தகர்த்துவிடுகிறது என்பேன்.

கேள்வி: பந்துவீசும் இயந்திரத்தில் மட்டும் பயிற்சி செய்தால் போதுமா?

பதில்: போதாது. ஓட்டமோ தோளோ மணிக்கட்டோ இல்லாத இயந்திரத்திடம், ஆட்டத்தில் மூளை முதலில் தேடும் குறிப்புகள் எவையும் கிடைப்பதில்லை. ஒரு ஷாட்டின் வடிவத்தைச் சீராக்க அதை வைத்துக்கொள்ளுங்கள்; நேரக்கணிப்புக்கு, வேகத்தை மாற்றி மாற்றி வீசும் மனிதர்களையே வலையில் எதிர்கொள்ளச் செய்யுங்கள்.