இறுதிப் போட்டி டிக்கெட்டுக்கு 300 யூரோ கொடுக்காதீர்கள்

கேள்வி: வேலைக்காக டப்ளினுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கோடை வந்தால் அலுவலகத்தில் எல்லோரும் ஹர்லிங் என்ற அயர்லாந்தின் மட்டை ஆட்டம் பற்றியே பேசுகிறார்கள். நான் எந்தக் கவுண்டிக்கும் (மாவட்ட அணிக்கும்) ஆதரவாளன் இல்லை. ஆனாலும் ஜூலையில் இங்கே குரோக் பார்க் மைதானத்தில் நடக்கும் அகில அயர்லாந்து இறுதிப் போட்டியை மனைவியோடும் ஒன்பது வயது மகனோடும் நேரில் பார்க்க ஆசை. இணையத்தில் எவ்வளவு தேடியும் டிக்கெட் விற்பனையையே காணோம். உடன் வேலை செய்பவரின் நண்பர் ஒருவர், தலைக்கு 300 யூரோ தந்தால் மூன்று டிக்கெட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பாதிப் பணத்தை இப்போதே கேட்கிறார். கொடுக்கலாமா? யார் பக்கமும் சேராத எங்களுக்கு மைதானத்தில் ஏதாவது தொல்லை வருமா?

பதில்: கொடுக்காதீர்கள். பாதிப் பணம் மட்டுமல்ல, பத்து யூரோகூட முன்பணமாகக் கொடுக்க வேண்டாம். அண்மை ஆண்டுகளில் இறுதிப் போட்டிக்கு ஸ்டாண்டு இருக்கையின் உண்மையான விலை 100 யூரோ. ஹில் 16 என்ற நின்று பார்க்கும் பகுதிக்கு 55 யூரோ. உங்களிடம் கேட்பது மூன்று மடங்கு. அந்த மூன்று மடங்கைக் கொடுத்தாலும் வாசலில் உங்கள் டிக்கெட் செல்லுமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இணையத்தில் விற்பனையைக் காணவில்லை என்கிறீர்கள். நீங்கள் தேடியதில் குறை எதுவும் இல்லை. இறுதிப் போட்டிக்குப் பொதுமக்களுக்கான நேரடி விற்பனை கிடையாது. குரோக் பார்க்கில் 82,300 பேர் உட்காரவும் நிற்கவும் இடம் இருக்கிறது. டிக்கெட்டில் பெரும்பகுதி, ஹர்லிங்கை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் கிளைகள் வழியாகவே இறங்குகிறது. மோதும் இரண்டு கவுண்டிகளுக்குப் பெரும் பங்கு, மற்றக் கவுண்டிகளுக்கு ஆளுக்குக் கொஞ்சம், அங்கிருந்து ஊர்க் கிளப்புகளுக்கு. ஆண்டு முழுவதும் கவுண்டி அணியைப் பின்தொடரும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும், மைதானத்தின் நடு அடுக்கில் நீண்டகால இருக்கை வாங்கியவர்களுக்கும் தனிக் கணக்கு. கல்யாண வீட்டு முதல் பந்தி போலத்தான் இது. சொந்தக்காரர்கள் உட்கார்ந்த பிறகு இலை மிஞ்சுவதில்லை.

நான் உறுப்பினராக இருக்கும் கிளப்பில் டிக்கெட் பங்கிடும் வேலைக்குக் கூடமாட உதவுகிறேன். நம் கவுண்டி இறுதிக்கு வராத ஆண்டில் கிளப்புக்கு வந்து சேரும் டிக்கெட்டுகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்பவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, கமிட்டி அறையில் எல்லோர் முன்னாலும் குலுக்குவார்கள். சிறுவர் அணிக்குச் சனிக்கிழமை காலைகளில் மழையில் நின்று பயிற்சி தருகிறவர், ஜெர்சிகளைத் துவைத்துக் கொண்டுவரும் அம்மா, மைதானத்தில் கோடு போடுகிற முதியவர் ஆகியோர் பெயர்கள்தான் அந்த டப்பாவில் கிடக்கின்றன. இவர்களில் யாருக்கும் சம்பளம் இல்லை. ஆடுகிற வீரர்களுக்கும் இல்லை. 1884-இல் தர்லஸ் நகரில் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இது சம்பளமில்லாத ஆட்டம். அந்த டப்பாவிலிருந்து ஒரு டிக்கெட் நழுவி 300 யூரோவுக்கு வெளியே போனால் யாருடைய இடம் விற்கப்படுகிறது என்று பாருங்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

இனி அந்த 'நண்பரின் நண்பர்' பற்றி. இன்று டிக்கெட் என்பது கைபேசியில் இருக்கும் ஒரு குறியீடு. பிடிஎஃப் கோப்பாகவோ ஸ்கிரீன்ஷாட்டாகவோ அதை ஐந்து பேருக்கு அனுப்ப ஒரு நிமிடம் போதும். வாயிலில் யாருடைய குறியீடு முதலில் ஸ்கேன் ஆகிறதோ அவர் உள்ளே போவார், மற்ற நால்வர் வெளியே நிற்பார்கள். இறுதிப் போட்டி நாளில் மைதானத்தை ஒட்டிய ஜோன்ஸ் சாலையில் குழந்தையின் கையைப் பிடித்தபடி கைபேசியைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டு நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். வாயில்காப்பாளர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பணம் வாங்கியவரின் எண் அதற்குள் அணைந்திருக்கும். பக்கத்துப் பகுதியான டிரம்கோண்ட்ரா வழியாக நடந்து வரும்போது தெருவில் நின்று கூவி விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். கடைசி நிமிடத்தில் விலை இறங்கும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். இறங்கும். போலி டிக்கெட்டின் விலையும் சேர்ந்தே இறங்கும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2021-இல் அயர்லாந்தில் கொண்டுவந்த டிக்கெட் விற்பனைச் சட்டத்தின்படி, குரோக் பார்க் போன்ற பெரிய இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிக்கான டிக்கெட்டை வாங்கிய விலைக்கு மேல் விற்பது குற்றம். அதிகபட்சத் தண்டனை ஒரு லட்சம் யூரோ அபராதமும் இரண்டு ஆண்டு சிறையும். குற்றம் விற்பவர் மேல்தான், வாங்கும் உங்கள் மேல் இல்லை. ஆனால் அவர் மேல் வழக்குப் போட்டு உங்கள் 900 யூரோவைத் திரும்ப வாங்கலாம் என்று கனவு காணாதீர்கள்.

இந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இடைத்தரகர்கள் எல்லோரும் இப்போது அதற்குப் பின்னால்தான் ஒளிகிறார்கள். தொண்டு நிறுவனங்களும் சம்பளமில்லா விளையாட்டுக் கிளப்புகளும் நிதி திரட்டுவதற்காகக் கூடுதல் விலைக்கு டிக்கெட் கொடுக்கலாம். இரவு விருந்தோடு சேர்த்து இரண்டு டிக்கெட், ஏலத்தில் இரண்டு டிக்கெட் என்று நடக்கும். கூரை போட, உடைமாற்றும் அறை கட்ட என்று நியாயமான தேவைக்காக நடப்பவை இவை. உங்கள் நண்பரின் நண்பரும் நாளை, 'இது கிளப் நிதிக்காகத்தான்' என்று சொல்லக்கூடும். அப்படிச் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தக் கிளப்? அந்தக் கிளப் இதைத் தன் பெயரில் வெளிப்படையாக அறிவித்திருக்கிறதா? பணம் யார் கணக்குக்குப் போகிறது? கிளப்புக்காக என்றால் பணம் கிளப்பின் கணக்குக்குத்தான் போக வேண்டும், ரசீது கிளப்பின் பெயரில் வர வேண்டும். 'கமிட்டியில் எனக்கு வேண்டியவர் இருக்கிறார், என் கணக்குக்கு அனுப்புங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்' என்றால் அத்தோடு பேச்சை முடித்துவிடுங்கள். பரிசுச் சீட்டுக் குலுக்கல் வேறு. பத்து யூரோ சீட்டு வாங்கினீர்கள், டிக்கெட் விழுந்தால் அதிர்ஷ்டம், விழாவிட்டால் பத்து யூரோ கிளப்புக்கு நன்கொடை. அதில் ஏமாற்று எதுவும் இல்லை, விரும்பினால் வாங்குங்கள்.

சங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இத்தனை டிக்கெட் எங்கெங்கே போகிறது என்பதைச் சாதாரண ஆள் புரிந்துகொள்ளும்படி ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் என்ன? அயர்லாந்தில் வேலை செய்கிற, வரி கட்டுகிற, இந்த ஆட்டத்தின் மேல் ஆசை வைக்கிற புதியவர்கள் இன்று இத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு சிறு பகுதியை வெளிப்படையான குலுக்கலில் வைத்தால் தரகர்களின் பாதிப் பிழைப்பு போய்விடும். வாசல் எங்கே என்று தெரியாதவனைத்தான் தரகன் பிடிக்கிறான்.

சரி, என்ன செய்யலாம்? இறுதிப் போட்டியை விட்டுவிடுங்கள். நடுநிலையாளருக்கு அது சிறந்த ஆட்டமும் இல்லை. அரையிறுதிக்குப் போங்கள். அதே குரோக் பார்க், அதே ஜூலை, டிக்கெட்மாஸ்டர் என்ற டிக்கெட் விற்பனை இணையதளம் வழியாகப் பொது விற்பனை. சங்கத்தின் இணையதளத்திலிருந்தே அந்தப் பக்கத்துக்குப் போங்கள், தேடுபொறி முதலில் காட்டும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். யார் யாரோடு மோதுகிறார்கள் என்பது முடிவாகி, விற்பனை தொடங்கி, ஆட்டம் நடக்கும்வரை அதிக நாள் இடைவெளி இருக்காது. வேலை நேரத்தின் நடுவில் விற்பனையைத் திறப்பார்கள், தயாராக இருங்கள். கார்க் அணி விளையாடினால் இன்னும் வேகம் வேண்டும். 2005-க்குப் பிறகு 2025 வரை கார்க் அகில அயர்லாந்துக் கோப்பையைத் தொட்டதில்லை, அந்தப் பசியில் ஊரே கிளம்பி வரும். 2024-இல் கார்க் லிமெரிக்கைச் சந்தித்த அரையிறுதிக்கு அத்தனை டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தது.

அதுவும் தவறினால் ஆகஸ்டில் காமோகி இறுதிப் போட்டிகள் இருக்கின்றன. பெண்கள் ஆடும் ஹர்லிங்தான் காமோகி. அதே குரோக் பார்க்கில் ஒரே நாளில் மூன்று இறுதி ஆட்டங்கள், பொது விற்பனை, குழந்தைகளோடு வரும் கூட்டம். பெண்கள் கேலிக் கால்பந்து இறுதியும் அப்படியே. 2019-இல் அதற்கு வந்தவர்கள் 56,114 பேர். இதை இரண்டாம்பட்சம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் ஹர்லிங்கை உண்மையாகப் பார்க்க வேண்டுமானால் அடுத்த வசந்தத்தில் மன்ஸ்டர் மாகாணத்துக்குப் போங்கள். கார்க், கிளேர், லிமெரிக், டிப்பரரி, வாட்டர்ஃபோர்டு என்று ஐந்து அணிகள். 2018-இல் தொடங்கிய முறைப்படி ஒவ்வொன்றும் மற்ற நான்கோடும் மோதுகிறது, இப்போது ஏப்ரலிலும் மே மாதத்திலும். மூன்று அணிகள் மேலே போகும், இரண்டு அணிகளின் கோடை அங்கேயே முடியும். அதனால் சும்மா ஆடுகிற ஆட்டமே இல்லை. தர்லஸில் இருக்கும் செம்பிள் ஸ்டேடியத்தில் டிப்பரரி ஆடும் ஒரு ஞாயிறைத் தேர்ந்தெடுங்கள். டப்ளின் ஹீயூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். லிபர்ட்டி சதுக்கம் முழுக்க நீலமும் மஞ்சளும். ஹர்லிங் மட்டைகளைத் தோளில் சாத்திக்கொண்டு பிள்ளைகள் நடப்பார்கள். டிக்கெட் இறுதிப் போட்டியின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. திரும்பும் ரயிலுக்கும் சேர்த்து முன்பதிவு செய்துவிடுங்கள், ஆட்டம் முடிந்ததும் அந்தச் சிறிய நிலையத்தில் நெரிசல் கடுமையாக இருக்கும். வாசலில் காசு கொடுத்து நுழையலாம் என்று கிளம்பாதீர்கள்.

உங்கள் இரண்டாவது கேள்வி: தொல்லை வருமா? வராது. இங்கே ஆதரவாளர்களைப் பிரித்து உட்காரவைக்கும் வழக்கமே இல்லை. கில்கென்னியின் கறுப்பு மஞ்சள் சட்டைக்குப் பக்கத்திலேயே டிப்பரரியின் நீலம் மஞ்சள் உட்கார்ந்திருக்கும், வீட்டிலிருந்து கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பகிர்ந்து கொள்ளும். 'நீங்கள் யார் பக்கம்?' என்று கட்டாயம் கேட்பார்கள். யார் பக்கமும் இல்லை என்று தயங்காமல் சொல்லுங்கள். அதன் பிறகு இரண்டு பக்கத்திலிருந்தும் உங்கள் மகனுக்கு விதி சொல்லிக்கொடுக்கப் போட்டி நடக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலையில் போனால் கோல், மூன்று புள்ளி. குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் ஆட்டம் பார்க்கப் போதும். அணிவகுப்பு முடிந்து தேசிய கீதம் தொடங்கும்போது எழுந்து நில்லுங்கள், தொப்பியைக் கழற்றிவிடுங்கள். கடைசி வரி முடியும் முன்பே கூட்டம் ஆர்ப்பரிக்கத் தொடங்கிவிடும், திகைக்க வேண்டாம்.

குரோக் பார்க்கில் ஒன்பது வயதுப் பையனோடு ஹில் 16 வேண்டாம். எல்லோரும் நிற்பார்கள், அவனுக்கு முதுகுகள்தான் தெரியும். கியூசாக் ஸ்டாண்டில் உட்கார்ந்தால் பிற்பகல் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். எதிரே இருக்கும் ஹோகன் ஸ்டாண்டோ தென்முனையில் இருக்கும் டேவின் ஸ்டாண்டோ நல்லது. மேல் அடுக்கு கிடைத்தால் வருத்தப்படாதீர்கள். நன்றாக அடித்த பந்து மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும், கீழே உட்கார்ந்தால் பழகாத கண் அதைத் தவறவிடும், மேலேயிருந்து பார்த்தால் முழு மைதானமும் விரியும். பெரிய பை எடுத்துப் போகாதீர்கள், ஏ4 தாள் அளவைத் தாண்டினால் வாசலில் நிறுத்துவார்கள். இடைவேளையில் எழுந்து போய்விடாதீர்கள். பெரிய ஆட்டங்களில் பள்ளிச் சிறுவர்களை அந்த மைதானத்தில் சில நிமிடங்கள் ஆடவிடுவார்கள். உங்கள் மகன் பார்க்க வேண்டியது அதுதான்.

அவனுக்கு ஆசை வந்தால் வீட்டுக்கு அருகில் இருக்கும் கிளப்பில் சேர்த்துவிடுங்கள். டப்ளினில் அநேகமாக எல்லாக் குடியிருப்புப் பகுதிக்கும் ஒரு கிளப் உண்டு. அயர்லாந்தில் பிறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. சேர்த்துவிட்டு நீங்கள் வண்டியிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். பயிற்சிக் கூம்புகளை எடுத்து வைக்க, தண்ணீர்ப் போத்தல் நிரப்ப எப்போதும் ஆள் வேண்டும். ஓர் ஆண்டு அப்படி நின்றால் உங்கள் பெயரும் குலுக்கல் டப்பாவில் விழும், அன்று வரும் டிக்கெட்டுக்கு 100 யூரோ மட்டும் கொடுப்பீர்கள். இப்போதைக்கு அந்த நண்பருக்கு, வேண்டாம் என்று இன்றே செய்தி அனுப்பிவிடுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. முன்பணம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால், கார்டில் கட்டியதா நேரடிப் பணமாற்றமா என்று பார்த்து, உடனே வங்கியை அழையுங்கள். திருப்பிக் கேட்கத் தாமதித்தால் வழி குறையும்.