வாசகர் கேள்வி – பதில்: கொரியாவிலிருந்து தத்துப் போன பிள்ளைகள்

கேள்வி: கொரியத் தொடர்களை விரும்பிப் பார்ப்பவள் நான். வெளிநாட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்து, தாய்நாட்டைத் தேடி வரும் பாத்திரம் அவற்றில் அவ்வப்போது வருகிறது. போரும் வறுமையும்தானே இதற்குக் காரணம்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அது தொடங்கியதற்கு அவைதான் காரணம், உச்சத்துக்குப் போனதற்கு அவை காரணம் அல்ல. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் ஆதரவிழந்த குழந்தைகளும், வெளிநாட்டுப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்து ஊரால் ஒதுக்கப்பட்ட குழந்தைகளும்தான் முதலில் அனுப்பப்பட்டார்கள். 1955-இல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் தம்பதியர் எட்டுக் குழந்தைகளைத் தத்தெடுத்தது பெரிய செய்தியானது. ஆனால் ஓராண்டில் மிக அதிகமான குழந்தைகள் நாட்டை விட்டுப் போனது போர் முடிந்து 32 ஆண்டுகள் கழித்து, 1985-இல். அந்த ஒரே ஆண்டில் 8,800-க்கும் மேற்பட்ட குழந்தைகள் விமானம் ஏறினார்கள். கப்பலும் காரும் ஏற்றுமதி செய்துகொண்டு, ஒலிம்பிக் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாடு அப்போது அது.

அவர்களில் பெரும்பாலோர் மணமாகாத பெண்கள் பெற்ற பிள்ளைகள். தந்தைவழியே எழுதப்பட்ட குடும்பப் பதிவேட்டில் அவர்களுக்கு உரிய இடம் இல்லை; தனித்து நிற்கும் தாய்க்கு அரசின் உதவியும் இல்லை. குழந்தை வெளிநாடு போனால் அரசுக்குச் செலவு மிச்சம், தத்து முகமைக்குக் கட்டணம் வரவு. இதுவரை போனவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் என்று கணக்கிடுகிறார்கள். ‘வறுமை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இதற்கெல்லாம் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறது. அதனால்தான் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: ஆஸ்லோவில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். என்னோடு பணிபுரியும் தோழி ஐந்து மாதக் குழந்தையாகக் கொரியாவிலிருந்து நார்வேக்கு வந்தவர். அன்பான பெற்றோர், நல்ல வேலை, இரண்டு பிள்ளைகள் என்று எதிலும் குறையில்லை. நாற்பது வயதுக்கு மேல் இப்போது பெற்ற தாயைத் தேடத் தொடங்கியிருக்கிறார். வளர்த்தவர்களை இது புண்படுத்தாதா? அவருக்கு நான் என்ன சொல்வது?
– வாசகி, நார்வே

பதில்: ‘எதிலும் குறையில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கலாம், அப்படியிருந்தும் அவர் தேடலாம். நன்றாக வளர்ந்தது ஒன்று, தான் எங்கிருந்து வந்தோம் என்று அறிந்திருப்பது வேறொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவது தேவையில்லை என்று பெரியவர்கள் நினைத்ததுதான் இந்தப் பிள்ளைகளுக்கு நேர்ந்த பெரிய தவறு. நாடு விட்டு நாடு தத்துப் போனவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2005-இல் வெளியான ஒரு மதிப்பீடு, அவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே பொருந்தி வாழ்வதாகச் சொல்கிறது; மனநல உதவியை நாடுவோர் மற்றப் பிள்ளைகளைவிட அவர்களிடையே அதிகம் என்பதையும் அதே மதிப்பீடு சொல்கிறது. அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஆய்வொன்றில், கொரியத் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்தவர்களில் 78 விழுக்காட்டினர், சிறுவயதில் தங்களை வெள்ளையராகவே எண்ணியதாகவோ வெள்ளையராக இருக்க விரும்பியதாகவோ கூறினார்கள். ‘எங்களுக்கு நிறமே கண்ணில் படுவதில்லை’ என்று பெற்றோர் அன்போடுதான் சொன்னார்கள். ஆனால் பள்ளி மைதானத்தில் கண்ணோரத்தை விரலால் இழுத்துக் காட்டிக் கேலி செய்தவர்களுக்கு அது தெரிந்தது. அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்து அதை எந்தச் சொல்லால் சொல்லும்?

உங்கள் பணியிடத்திலேயே பாருங்கள். நோயாளியின் படிவத்தில் ‘குடும்பத்தில் யாருக்கேனும் சர்க்கரை நோய், புற்றுநோய் உண்டா?’ என்று ஒரு வரி இருக்கும். நாம் யோசிக்காமல் நிரப்பும் அந்த வரியை உங்கள் தோழி ஒவ்வொரு முறையும் வெறுமையாக விடுகிறார். தன் முகச்சாயல் கொண்ட இன்னொரு முகத்தை முதன்முதலாகத் தன் பிள்ளையிடம்தான் கண்டதாக இப்படி வளர்ந்த பலர் சொல்லியிருக்கிறார்கள். தேடல் பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தொடங்குவதில் வியப்பில்லை.

தேடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தாயோ தந்தையோ உயிரோடிருந்த குழந்தைகளுக்குக்கூட, உறவென்று எவரும் இல்லாததுபோல் தனியே ‘அனாதைப் பதிவேடு’ எழுதப்பட்டது. தத்துக்குக் குறித்திருந்த குழந்தை இறந்துபோனாலோ, அதைப் பெற்றவர்கள் வந்து அழைத்துச் சென்றாலோ, அந்தக் குழந்தையின் பெயரிலும் தாள்களிலும் வேறொரு குழந்தை அனுப்பப்பட்டதும் உண்டு. தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 367 பேரின் முறையீடுகளை விசாரணைக்கு எடுத்து, 2025 மார்ச்சில் முதற்கட்டமாக 56 பேரின் உரிமைகள் மீறப்பட்டதை ஏற்றுக்கொண்டது; அதே ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் லீ ஜே-மியுங் மன்னிப்புக் கேட்டார். இந்தச் செய்தியைப் படித்த எவருக்கும், தன் கோப்பிலுள்ள பிறந்த நாளாவது தன்னுடையதுதானா என்ற ஐயம் எழத்தானே செய்யும்?

வளர்த்தவர்களுக்கு மனம் சற்று வலிக்கலாம். அந்த வலிக்கு அஞ்சியே, வளர்த்தவர்கள் கண்மூடும்வரை காத்திருந்து, பிறகு தேடிப் போய், பெற்றவளும் மறைந்துவிட்டாள் என்று அறிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ‘இப்போது எதற்கு?’ என்று கேட்காதீர்கள். ‘நீ கொடுத்து வைத்தவள்’ என்று தப்பித்தவறியும் சொல்லிவிடாதீர்கள். சிறுவயது முதல் அவர் நன்றிக்கடனாகச் சுமந்துவரும் சொல் அது. 2020 முதல் வெளிநாடுகளிலுள்ள கொரியத் தூதரகங்கள் வழியாக டி.என்.ஏ. மாதிரி கொடுத்து உறவினரைத் தேட வழி செய்திருக்கிறார்கள். விசாரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோப்பைத் திறக்கும் நாளில் துணை வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: சிறுவயதில் பேசிய தாய்மொழி அடியோடு மறந்துபோகுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பிரான்சில் 2003-இல் வெளியான ஆய்வொன்று, போகும் என்றே காட்டியது. மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் கொரியாவிலிருந்து வந்து பிரெஞ்சுக் குடும்பங்களில் வளர்ந்தவர்களைக் கொரிய வாக்கியங்களைக் கேட்கச் செய்து, அப்போது அவர்கள் மூளையையும் படமெடுத்துப் பார்த்தார்கள். பிற அன்னிய மொழிகளிலிருந்து கொரிய மொழியை அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. எட்டு வயதுவரை பேசிய மொழி அது என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆனால் நெதர்லாந்தில் வளர்ந்தவர்களைக் கொண்டு செய்யப்பட்டு 2017-இல் வெளிவந்த ஆய்வு வேறொன்றைக் கண்டது. நம் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும் மூன்று வகைத் தகர ஒலிகள் கொரிய மொழியில் உண்டு. மென்மையாகச் சொன்னால் ‘நிலா’, இறுக்கிச் சொன்னால் ‘மகள்’, மூச்சோடு சொன்னால் ‘முகமூடி’ என்று ஒரே சொல்போல ஒலிப்பது மூன்று பொருள் தரும். இந்த ஒலி வேறுபாட்டைப் பயிற்றுவித்தபோது, கொரியாவில் பிறந்தவர்கள் மற்ற டச்சுக்காரர்களைவிட விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். ஆறு மாதம்கூட நிரம்பாமல், ஒரு சொல்லும் பேசாமல் விமானம் ஏறியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒன்றரை வயதுக்குப் பிறகு வந்தவர்களுக்குச் சமமாக அவர்களும் கற்றார்கள்.