நகையை அடகு வைத்து நீட் கோச்சிங் சேர்க்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, முக்கூடல் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரி பீடி சுற்றுகிறாள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான், பத்தாவதில் 461 மார்க், டாக்டர் ஆகணும் என்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ, நீட் கோச்சிங் எல்லாம் சேர்த்து 2,80,000 ரூபாய் கேட்கிறார்கள், முழுசாக இப்பவே கட்டணுமாம். வீட்டில் இருக்கிற நகையை வைத்துக் கட்டலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. நகைக்காகச் சொல்லவில்லை, பள்ளியை மாற்றப் போகிறீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கிறது, 2021-ல் இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, சட்டம் என்று மற்ற படிப்புகளுக்கும் வந்துவிட்டது. அதில் சீட் கிடைத்தால், தனியார் கல்லூரியாகவே இருந்தாலும் கல்விக் கட்டணத்தை அரசு கட்டும். இரண்டு வருடம் தனியாருக்குப் போனால் இந்த உரிமை போச்சு, பிறகு யார் சிபாரிசு செய்தாலும் திரும்பாது. பெண்பிள்ளை என்பதால் காலேஜ் போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருகிறதும் அரசுப் பள்ளிப் படிப்பை வைத்துத்தான். அதாவது 2,80,000 கொடுத்து, கையில் இருப்பதை விட்டுவிட்டு வரப்போகிறீர்கள்.

அடகுக் கணக்கையும் பாருங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலே மாசம் 2,800, இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 67,200. அசல் அப்படியே நிற்கும், அதுவும் சரியாகக் காலேஜில் சேர்க்கிற நேரத்தில்.

சரி, கோச்சிங்கே வேண்டாமா? வேண்டும். இருக்கிற பள்ளியிலேயே பயாலஜியோடு மேத்ஸும் உள்ள குரூப்பாக எடுங்கள். நீட் சரிவராவிட்டாலும் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50 என்று பிளஸ் டூ மார்க்கில் 200-க்குக் கட்ஆஃப் போடுவார்கள். அரசுப் பள்ளியில் நடத்துகிற இலவச நீட் வகுப்பில் முதலில் உட்காரட்டும். அது போதாது என்று பிள்ளையே சொன்னால் சனி ஞாயிறு வகுப்பு பாருங்கள், ஆனால் பணத்தை டேர்ம் டேர்மாகத்தான் கட்டணும், பாதியில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் அடுத்த இடம்.

அப்புறம், மாசம் 4,000 போட்டு பேங்கில் 20 மாச ஆர்.டி. ஒன்று தொடங்குங்கள். போட்ட பணமே 80,000 ஆகும், பிளஸ் டூ முடிகிற நேரத்தில் கைக்கு வரும். நீட் ஃபீஸ் பெரிதில்லை, 2025-ல் ஓ.பி.சி. பிள்ளைகளுக்கு 1,600 ரூபாய். கவுன்சிலிங், ஹாஸ்டல் அட்வான்ஸ், புத்தகம், இல்லையென்றால் இன்னொரு வருடம் எழுதுகிற செலவு, இதற்கெல்லாம்தான் அந்தப் பணம். செல்வமகள் கணக்கு இருந்தால் அதைக் கோச்சிங்குக்குத் தொடாதீர்கள், காலேஜ் அட்மிஷன் காட்டிப் பாதி வரை எடுக்கலாம். பீடித் தொழிலாளர் அட்டை இருக்கிறதா? அந்தப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை உண்டு, எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் விண்ணப்பிப்பதே இல்லை.

டி.சி. இன்னும் வாங்கவில்லையே? வாங்கியிருந்தால் நாளைக்கே ஹெச்.எம்.மைப் பார்த்து அதே பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிடுங்கள்.