641 எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பகா எண்கள் பற்றிய கட்டுரையில், 4294967297 என்ற எண்ணைக் கணித மேதை ஆய்லர் 1732-இல் 641 × 6700417 என்று உடைத்ததாக எழுதியிருந்தீர்கள். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் கணினியில் போட்டுப் பார்த்தாள்; கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிட்டது. "இதுல என்னப்பா பெருமை?" என்கிறாள். என்ன சொல்வது?

ஆர்., திருநெல்வேலி

அன்புள்ள ஆர்,

நல்ல கேள்வி. கணினியை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த எண்ணைத் தாளில் உடைக்கச் சொல்லுங்கள். 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், 116-ஆவது பகா எண்ணாகத்தான் 641 வரும். ஆளை அசத்திவிடும் வேலை.

2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 வைத்து ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். அடுத்த அடுக்கு 32. அதுதான் நம் எண். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார்.

அதே 1640-இல் அவர் சொன்ன இன்னொரு தேற்றம் உண்டு. ப என்பது 2 அல்லாத பகா எண் என்றால், 2-இன் (ப−1) ஆம் அடுக்கை ப-ஆல் வகுக்க மீதி 1. நம் எண்ணை ப வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் எண் 2-இன் 32-ஆம் அடுக்கைவிட ஒன்று கூடுதல்; அப்போது அந்த அடுக்கின் மீதி −1, அதாவது ப-ஆல் மீதியின்றி வகுபட ஒன்று குறைகிறது. அதை வர்க்கப்படுத்தினால், 64-ஆம் அடுக்கின் மீதி 1. அதற்கு முன்னால் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது; பிறகும் 64-இன் மடங்குகளில் மட்டும்தான் வரும். ஆகவே ப−1 என்பது 64-ஆல் வகுபட்டே தீரவேண்டும். 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே வந்து பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே பிடிபட்டுவிடுகிறது! இந்த 64 கணக்கை ஆய்லர் பின்னால் ஒரு கட்டுரையில் விளக்கினார். ஃபெர்மாவின் நம்பிக்கையை உடைத்த கருவி ஃபெர்மாவுடையதே என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

641 கையில் வந்தபின் நீண்ட வகுத்தல்கூட வேண்டாம். 640-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். எனவே 640-இன் நான்காம் அடுக்கின் மீதி 1. 640 என்பது 5 × 128. ஆகவே அந்த நான்காம் அடுக்கு, 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கியதற்குச் சமம். 625 என்பதோ 641-க்கு 16 குறைவு. அதன் இடத்தில் −16 வைக்கலாம். 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு. ஆக, 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி −1. ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம். முடிந்தது.

உங்கள் மகள் இந்த நாலு வரியைத் தன் கையால் எழுதிப் பார்க்கட்டும்.

இந்த வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை. 2-இன் அடுக்காக 32, 64, 128 என்று இரட்டித்துக்கொண்டே போய், அடுக்கு 2-இன் 32-ஆம் அடுக்காகும் வரை பார்த்துவிட்டார்கள். எல்லாமே பகு எண்கள். அதற்கு அடுத்தது எந்த வகை என்று எந்தக் கணினியும் இன்னும் சொல்லவில்லை.