மலை மேல் தடுப்பூசி முகாம் நடத்தப் பணம் எங்கிருந்து வரும்?

கேள்வி: பென்னாகரம் வட்டத்தில் எங்களுடையது மலைக் கிராமம். 58 வீடு, ஐந்து வயதுக்குள் 19 பிள்ளைகள். முன்பு மாதம் ஒருமுறை நர்சம்மா மேலே ஏறி வந்து ஊசி போடுவார். நான்கு மாதமாக முகாமே இல்லை. 7 கிலோமீட்டர் இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. கேட்டால், மேலே வர வண்டிக்குப் பணம் ஒதுக்கவில்லை என்கிறார்கள். வீட்டுக்கு 50 ரூபாய் வசூல் செய்து கொடுத்துவிடலாமா? ஊராட்சிப் பணத்தில் செய்யலாமா? – மகளிர் குழுத் தலைவி ஒருவர்

பதில்: தயவுசெய்து வசூல் செய்ய வேண்டாம். மருந்தும் ஊசியும் இலவசம், அவற்றை மேலே கொண்டுவருவதும் அரசின் செலவு. ஒருமுறை ஊர்ப்பணம் கொடுத்துவிட்டால் அடுத்த மாதமும் உங்களையே எதிர்பார்ப்பார்கள். அரசுக் கணக்கில் உங்கள் ஊருக்கான செலவு கடைசி வரை ஏறாது.

பணம் இரண்டு வழியாக வருகிறது. தடுப்பு மருந்தையும் சிரிஞ்சையும் மத்திய அரசே வாங்கி அனுப்புகிறது. அதில் உங்கள் ஊருக்குக் குறை இருக்க வாய்ப்பில்லை. முகாம் நடத்தும் செலவு தனி. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருந்துப் பெட்டியைக் கொண்டுவரும் கூலி, பிள்ளைகளைக் கூட்டி வருபவருக்கான ஊக்கத்தொகை, மேற்பார்வை வண்டி எல்லாம் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் திட்டத்தில் 60:40 என்று மத்திய, மாநில அரசுகள் பங்கிடுகின்றன. ஆட்சியர் தலைமையிலான மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக அது கீழே வருகிறது. மருந்துப் பெட்டி கொண்டுவரும் கூலி ஒரு முகாமுக்கு இவ்வளவு என்றுதான் கொடுக்கப்படும். எட்டாத இடங்களுக்குக் கூடுதல் விகிதமும் உண்டு. எனவே மைக்ரோ பிளானில், அதாவது எந்த ஊரில் எப்போது முகாம் என்று எழுதும் திட்டத்தில், உங்கள் ஊருக்குத் தனி முகாம் எழுதப்படாவிட்டால் அதற்குப் பணமும் கிடையாது. “ஒதுக்கவில்லை” என்ற பதிலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உங்கள் ஊர் ஏன் விடுபட்டிருக்கலாம் என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். ஆண்டுக்கு 4 குழந்தை பிறப்பதாக வைத்துக்கொள்வோம். காசநோய்க்கான பி.சி.ஜி.யும் மஞ்சள் காமாலை ஊசியும் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிடுவார்கள். மீதி, ஒரு வயதுக்குள் பென்டா (கக்குவான் இருமல் உட்பட ஐந்து நோய்க்கான ஊசி) 3, போலியோ ஊசி 3, நிமோனியா ஊசி 3, தட்டம்மை–ரூபெல்லா 1. ஒன்றரை வயதை ஒட்டி 2, ஐந்து வயதில் 1. ஒரு பிள்ளைக்கு 13 ஊசி. நான்கு பிள்ளைக்கு 52. கர்ப்பிணிகளுக்கு ஆளுக்கு 2 சேர்த்தால் ஆண்டுக்கு 60, மாதத்துக்கு 5. மாதம் 25 முதல் 50 ஊசி வரை இருந்தால்தான் மாதாமாதம் முகாம், 25க்குக் கீழே என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பது தடுப்பூசி வழிகாட்டுதலின் பொது விதி. இதை வைத்து உங்கள் ஊரை அடிவாரக் கிராமத்தோடு சேர்த்து எழுதியிருப்பார்கள். ஆனால் எளிதில் சென்றடைய முடியாத பகுதிகளில் ஊசி எண்ணிக்கை எவ்வளவு குறைந்தாலும் ஆண்டுக்குக் குறைந்தது 4 முகாம் நடத்த வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மனுவுக்கு உயிர் இந்த வரிதான்.

நான்கோடு நின்றுவிடவும் வேண்டாம். பென்டா 6, 10, 14 வாரத்தில் போட வேண்டிய ஊசி. மூன்று மாதத்துக்கு ஒரு முகாம் என்றால், முதல் ஊசியை ஒன்றரை மாதத்தில் போட்ட குழந்தைக்கு மூன்றாவது ஏழரை மாதத்தில்தான் கிடைக்கும். கக்குவான் இருமல் கைக்குழந்தையை வாட்டுவதே அந்த முதல் மாதங்களில்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது மேலே, இடைப்பட்ட மாதம் அடிவாரத்தில் என்று கேளுங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். ஜீப் எதுவரை வரும், அதற்கு மேல் எவ்வளவு நேரம் நடை, முகாமுக்கு எந்தக் கட்டடம், அன்று பிள்ளைகளைக் கூட்டி வருபவர் யார் என்று எழுதுங்கள். பின்னால் தலைக்கணக்குப் பட்டியலை இணையுங்கள்: குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாய்–சேய் அட்டை எண், விடுபட்ட ஊசி. வட்டார மருத்துவ அலுவலரிடம் நேரில் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். முன்பு துணை இயக்குநர் என்று அழைக்கப்பட்ட மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு நகல். ஆட்சியருக்கு ஒன்று, அதைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கலாம். அசைவு இல்லாவிட்டால், இந்த ஆண்டு திட்டமிட்ட முகாம், நடந்த முகாம், பெட்டி கொண்டுவரக் கொடுத்த தொகை மூன்றையும் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

சுகாதாரத் துறையினர் தலைக்கணக்கு எடுக்கும் நாளையும் கவனியுங்கள். செங்கல் சூளைக்கும் பெங்களூருக் கட்டட வேலைக்கும் பாதி ஊர் போயிருக்கும் மாதத்தில் எண்ணினால் 19 என்பது 8 ஆகிவிடும்; அடுத்த திட்டமும் அந்த அளவுக்கே சுருங்கும். வெளியூர் போனவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து உங்கள் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் தளி, அஞ்செட்டி மலை ஊர்களுக்கும் இதே வழிதான். ஓசூரில் வடமாநிலத் தொழிலாளர் தங்கும் லைன் வீடுகளும் கல்குவாரிகளும் எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போகும் இடங்கள். அங்கே ஆபத்து இன்னும் கூடுதல்.

ஊராட்சிப் பணத்துக்கு வருவோம். கிராம சுகாதாரம், குடிநீர், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை கட்டுப்பாடற்ற நிதி (இன்ன செலவுக்கு என்று முன்கூட்டியே பிரிக்காத பணம்) வரும். ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் சேர்ந்து கையெழுத்திட்டு எடுக்கும் பணம் அது. முகாம் நடக்கும் அறைக்குத் திரை, மேசை, பல்பு, எடை பார்க்கும் கருவி போன்றவற்றை இதில் வாங்கலாம். சம்பளமோ மாதாமாதம் தொடரும் செலவோ இதில் போடக் கூடாது. ஆகவே வண்டிக் கூலிக்கு இது ஆகாது. அப்படிச் செய்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்பவர் செவிலியர். தலைவருக்குப் பதில் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் வங்கியில் கையெழுத்து மாற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள். பணம் இருந்தும் எடுக்க முடியாமல் கிடப்பது பல இடங்களில் இதனால்தான். செலவாகாத தொகை அடுத்த ஆண்டு வரவிலும் கழியும்.

முகாம் திரும்ப வந்தபின் இரண்டு விஷயம் பாருங்கள். மருந்துப் பெட்டியில் 4 ஐஸ் பேக் இருக்கும். பேக்கைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். கல்லாக உறைந்த பேக்கை அப்படியே வைத்தால் பென்டா, நிமோனியா ஊசி, போலியோ ஊசி மருந்துகள் உறைந்து வீணாகும். அடிக்கடி திறக்காத பெட்டி சுமார் 12 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நடந்து ஏறினாலும் மருந்து கெடாது. இரண்டாவது, பல பிள்ளைகளுக்கான மருந்து உள்ள தட்டம்மை–ரூபெல்லா குப்பியின் பொடியைக் கரைத்தால் 4 மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். அதனால் “இன்னும் நாலு பிள்ளை சேரட்டும்” என்று தள்ளிப்போடுவது உண்டு. ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதே விதி. மீதி மருந்து வீணாவதற்கும் சேர்த்துத்தான் அரசு கொள்முதல் செய்கிறது. அதற்காக நர்சம்மா யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. அவரிடம் இதைத் தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள்.